பதினாறாவது ஆள்

"பொம்பளைங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?"

ஒரு கம்பெனிக்குள் காலெடுத்து வைத்ததும் அக்கா கேட்கும் முதல் கேள்வி இதுதான். காவலாளி நாற்காலியை இழுத்துப் போடுவார். மேனேஜர் அறையிலிருந்து டீ வேண்டுமா என்று ஆள் வரும். அக்கா எதற்கும் மசியமாட்டார். நேராகப் போய்க் குழாயைத் திறந்து பார்ப்பார், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்ப்பார், கைப்பையை மாட்ட ஓர் ஆணியாவது இருக்கிறதா என்று கதவின் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் மேனேஜர், அதற்கும் அப்புறம்தான் டீ. "தாழ்ப்பாளே இல்லாத கம்பெனிக்கு எங்க பிள்ளைங்கள எப்படி சார் அனுப்புறது?" என்று அவர் கேட்ட கேள்வியில் ஒரு பிஸ்கட் கம்பெனி அன்று மத்தியானமே தச்சரைக் கூப்பிட்டிருக்கிறது.

அக்காவின் உத்தியோகத்துக்கு நியமனக் கடிதத்தில் ஒன்றரை வரிக்குப் பெயர் இருக்கிறது. அது யார் வாயிலும் நுழையாது. விஷயம் இவ்வளவுதான். ஊருக்கு வெளியே நாலு கம்பெனிகள் ஆள் கிடைக்கவில்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தன. காலனியில் முந்நூறு வீடுகள் வேலை கிடைக்கவில்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தன. நடுவில் இருந்தது இரண்டு கிலோமீட்டர் ரோடு. கம்பெனிகள் பாதி, காலனி சங்கம் பாதி என்று சம்பளம் போட்டு, அந்த இரண்டு கிலோமீட்டருக்கு அக்காவை வைத்தார்கள்.

கழுத்தில் இரண்டு அடையாள அட்டைகள். நீலக் கயிறு கம்பெனிகளுடையது, பச்சைக் கயிறு சங்கத்துடையது. அதனால் ஊரில் அவருக்கு 'ரெட்டைக் கார்டு அக்கா' என்று பெயர். கம்பெனிக்குப் போனால் "உங்க ஆளுங்க லேட்டா வர்றாங்க" என்று திட்டு. காலனிக்கு வந்தால் "உங்க கம்பெனியில மேஸ்திரி சிடுசிடுங்கிறான்" என்று திட்டு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று யாராவது பரிதாபப்பட்டால் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும். "இடிக்கிற ரெண்டு பேருமே சம்பளம் குடுக்குறாங்களே, எந்த மத்தளத்துக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?"

எதையும் காலால் நடந்து பார்த்தால்தான் அவர் நம்புவார். 'காலனியிலிருந்து ஐந்தே நிமிடம்' என்று ஒரு கம்பெனி நோட்டீஸ் போட்டிருந்தது. அக்கா நடந்தார். பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இன்னொரு தரம் நடந்தார். "அஞ்சு நிமிஷம் உங்க காருக்கு சார். எங்க காலுக்கு இருபத்தாறு. இடுப்புல பிள்ளை இருந்தா முப்பத்தி மூணு." கம்பெனி பஸ் இப்போது காலனி முனையில் நின்று போகிறது.

ஏழரை மணி ஷிப்ட்டுக்குப் பெண்கள் வரவில்லை என்று ஒரு மேனேஜர் அலுத்துக்கொண்டார். வேலை செய்ய மனசே இல்லை இவர்களுக்கு என்றார். அக்கா வாதாடவில்லை. மறுநாள் காலை அவரைப் பள்ளிக்கூட வாசலில், பென்சில் விற்கிறவர் பக்கத்தில், கொண்டுபோய் நிறுத்தினார். எட்டே முக்காலுக்கு மணியடித்துக் கேட்டைச் சாத்தினார்கள். வெளியே வெறுங்கையோடு பெண்கள் நின்றார்கள். "ஆள் இல்லைன்னீங்களே, எண்ணிக்கோங்க சார்." அவரும் நல்ல மனுஷர்தான், நிஜமாகவே எண்ணினார். நாற்பத்து மூன்று வந்தது. அடுத்த வாரமே ஒன்பதேகாலுக்குப் புது ஷிப்ட் ஒன்று தொடங்கியது. கம்பெனிக் கணக்கில் அதற்கு ஏதோ எண் இருக்கிறது. காலனிக்கு அது 'ஸ்கூல் ஷிப்ட்'.

இப்படி ஊருக்கெல்லாம் வேலை தேடிக் கொடுத்த மகராசியின் வீட்டில் ஒருவர் ஒன்பது மாதமாக வேலையில்லாமல் இருந்தார். வேறு யார், வீட்டுக்காரர்தான்.

இருபத்தாறு வருஷம் மில்லில் ஃபிட்டர். மில்லை மூடினார்கள். காலனியில் பாதி ஆண்கள் அன்று ஒரே நாளில் வீட்டுக்கு வந்தார்கள். சிலர் வண்டி ஓட்டப் போனார்கள், சிலர் ஊரையே விட்டுப் போனார்கள். ஃபிட்டர் வீட்டில் இருந்தார். சமையல் அவர் கைக்கு வந்தது, நன்றாகவும் வந்தது. வீட்டிலிருந்த ரிப்பேரையெல்லாம் முதல் மாதத்திலேயே முடித்துவிட்டார். பிறகு அக்கம்பக்கத்து ஃபேன், மிக்ஸி, சைக்கிள். காலனியில் இப்போது எந்தக் கதவும் கிறீச்சிடுவதில்லை, பிள்ளைகள் எப்போது வெளியே போனார்கள் என்றே தெரியவில்லை என்று பெண்களுக்குக் குறை. ஒருநாள் அக்கா வீடு திரும்பியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரம் நூறு துண்டாகப் பேப்பர் மேல் கிடந்தது.

"அதுக்கு என்னங்க வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. உள்ள எப்படி இருக்குன்னு பார்த்தேன்."

அக்காவால் அழவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. ஊரில் யாருக்கு எது கிடைத்தாலும் தன் வீட்டு மனுஷருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எல்லாக் கம்பெனியிலும் முப்பத்தைந்து வயசுக்கு மேல் கதவு சாத்தித்தான் கிடந்தது. ஃபிட்டருக்கு ஐம்பத்திரண்டு.

அப்போதுதான் பம்ப் கம்பெனி ரிப்பேர் பிரிவு ஒன்று புதிதாகத் தொடங்கியது. அக்கா போய் நின்றார், மில் ஆட்களை எடுங்கள் என்றார். "அம்பது வயசுக்கு மேல புதுசா கத்துக்குவாங்களா?" என்றார் மேனேஜர். "சத்தத்தைக் கேட்டே மெஷினுக்கு எங்க வலின்னு சொல்றவங்க சார் அவங்க. ரிப்பேருக்கு வர்ற பம்ப்பு, கை வைக்கிறவன் வயசைக் கேக்கப்போகுதா?" மூன்று முறை போனார், நாலாவது முறை பேச்சு படிந்தது. காலனிக் கூடத்தைச் சங்கம் கொடுக்கும். மேஜையும் மோட்டாரும் பயிற்சி கொடுக்கிறவரும் கம்பெனி அனுப்பும். மூன்று வாரப் பயிற்சி, கடைசியில் சோதனை, தேறியவர்களுக்கு வேலை. வயசு வரம்பு கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: எட்டு மேஜை, மேஜைக்கு இரண்டு பேர். பதினாறு பேர் முழுசாகச் சேர்ந்தால்தான் நடத்துவார்கள். சனிக்கிழமை மாலை ஐந்துக்குள் பட்டியல் போகவேண்டும், ஓர் ஆள் குறைந்தாலும் அடுத்த ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இதைச் சொல்லத்தான் சங்கக் கூட்டம் போட்டார் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் இஸ்திரிக் கடைக்காரர் எழுந்தார். அவரும் பழைய மில் ஆள்தான், வாய் கொஞ்சம் நீளம். "அம்பது வயசுக்காரங்களுக்கு வேலைன்னா யாருக்காகன்னு எங்களுக்குத் தெரியாதாக்கா?"

கூடமே சிரித்தது. விளையாட்டுக்குத்தான் சொன்னார், விளையாட்டாகத்தான் சிரித்தார்கள். ஆனால் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "எங்க வீட்டு ஆள் பேரு இந்த லிஸ்ட்ல வராது. போதுமா?" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். அந்த 'எங்க வீட்டு ஆள்', கூடத்தின் நடுவே ஏணி மேல் நின்று சங்கத்து ஃபேனைச் சரிசெய்துகொண்டிருந்தார். சிரிப்பு அப்படியே அடங்கியது. ஃபிட்டர் மெதுவாக இறங்கி, ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "ஃபேன் ஓடும், போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் சண்டை வரும் என்று எதிர்பார்த்தார் அக்கா. வந்திருந்தால் தேவலை. "நீ சொன்னது சரிதான். பொது வேலையில இருக்கிறவ அப்படித்தான் சொல்லணும்" என்று சொல்லி அவர் தட்டை வைத்தார். அந்தச் சோறு அக்காவுக்கு இறங்கவே இல்லை. கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா?

புதன்கிழமைக்குள் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள், இஸ்திரிக்காரர் உட்பட. பதினாறாவது ஆள்தான் வழுக்கி வழுக்கிப் போனார். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு மகள் பிரசவம். இந்த வயசில் பெஞ்சியில் உட்கார வெட்கமாக இருக்கிறது என்றார் ஒருவர். வியாழக்கிழமை தலையாட்டிய மகானுபாவர் வெள்ளிக்கிழமை போனையே எடுக்கவில்லை. அக்கா செருப்புத் தேய அலைந்தார். பத்தாம் எண் வீட்டில் பேசிவிட்டுப் பன்னிரண்டாம் எண்ணுக்குப் போவார், நடுவில் இருக்கும் தன் வீட்டை மட்டும் தலை குனிந்தபடி கடந்துவிடுவார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் இஸ்திரிக்காரரால் பொறுக்க முடியவில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

"ஏங்க்கா, கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறீங்களே, இது நல்லா இருக்கா?"

"ஊர் முன்னாடி சொன்னேன் தம்பி. சொன்ன சொல்லை முழுங்கச் சொல்றீங்களா?"

"நீங்க ஏன் முழுங்கணும்? கிளறிவிட்டது என் வாயி." அவர் திரும்பி வாசலைப் பார்த்துக் கையைக் காட்டினார். மற்ற பதினாலு பேரும் வரிசையாக உள்ளே வந்தார்கள், அவரவர் வீட்டுக்காரியும் பின்னால். "உங்க சம்பளத்துல பாதி சங்கத்துது. அந்தப் பாதிக்கு நாங்கதான் முதலாளி. முதலாளி சொல்றோம், பதினாறாவது பேரு ஃபிட்டர் அண்ணன். நீங்க சிபாரிசு பண்ண வேணாம், பேனாவைப் பிடிச்சு எழுதினா போதும்."

மேஜையில் ஒரு தாள் வைத்தார்கள். பதினைந்து கையெழுத்து. அக்கா இரண்டு தரம் படித்தார்.

"அவர் வரணுமே," என்றார். குரல் உள்ளே போய்விட்டது. "அன்னிக்கு அப்படிச் சொல்லிட்டேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. அவர் மனசுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியல தம்பி."

மணி நாலு இருபது. இஸ்திரிக்காரர் போனார். நாலரைக்கு மூச்சிரைக்கத் தனியாக ஓடி வந்தார். அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலக்கா. பீரோவைத் திறந்து இதை எடுத்துக் கையில குடுத்தார்." அவர் கையில் ஒரு வெள்ளைச் சட்டை கசங்கிக் கிடந்தது. "கசங்கின சட்டையோட இன்டர்வியூவுக்கு வரமாட்டாராம். வழி விடுங்க, பெட்டி ஆறிடப்போகுது!"

அப்போது எழுந்த சிரிப்பைக் கேட்டுத் தெருநாய் எழுந்து நின்றது. மற்ற பதினாலு ஆம்பளைகளும் இஸ்திரிக் கடையைச் சுற்றி நின்று, காலரில் ஒரு மடிப்பு இருக்கிறது, கையில் இன்னொரு தேய்ப்புத் தேய் என்று அதிகாரம் செய்தார்கள்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஃபிட்டர் வந்தார். சட்டை விறைத்து நின்றது, அவரும் அப்படித்தான். கையில் சான்றிதழ் உறை. எதிர் நாற்காலியில் உட்காராமல், உட்காரலாமா என்பதுபோல நின்றார்.

"உட்காருங்க," என்றார் அக்கா. படிவத்தை எடுத்தார், தலை நிமிரவில்லை. "பேரு?"

சொன்னார். தகப்பன் பெயரையும் சேர்த்து முழுசாகச் சொன்னார்.

"வயசு?"

"அம்பத்திரெண்டு."

"முன் அனுபவம்?"

"இருபத்தாறு வருஷம் மில்லுல ஃபிட்டர்." ஒரு நொடி விட்டு, "ஒன்பது மாசம் வீட்ல சமையல். அதையும் எழுதிக்குங்க மேடம்."

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேடம் எழுதிக்கொண்டார்.

"அவசரம்னா யாருக்குத் தகவல் சொல்லணும்?"

"வீட்டுக்காரிக்கு."

"அவங்க போன் நம்பர்?"

ஃபிட்டர் ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அக்கா ஓர் எண்கூட முந்திக்கொள்ளாமல், அவர் சொல்லச் சொல்லக் கேட்டு, பத்தையும் எழுதினார்.