ஜமீலாவின் பெயரை எடுத்த விதம்

போன வாரம் மகனுடைய காருக்குப் பெயின்ட் அடிக்கத் தருமபுரியில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். பின்பக்கம் ஒட்டியிருந்த கம்பெனி எழுத்துகளை முதலில் எடுக்க வேண்டுமாம். மெக்கானிக், தலைமுடி உலர்த்தும் கருவியால் அவற்றைச் சூடாக்கினார். பிறகு தூண்டில் நரம்பைப் பின்னால் நுழைத்து மெல்ல அறுத்தார். "ஸ்க்ரூ டிரைவர் வெச்சு நெம்புனா பெயின்ட் பேந்துடும் சார்" என்றார். எனக்குத் தெரியும் என்று சொல்ல வந்தேன். இளகிய பசையின் வாசனை அதற்குள் என்னை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டது.

இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருந்த காலம் அது. கம்பைநல்லூரில் சலீமும் நானும் கூட்டாக ஒரு பழைய வேன் வாங்கி, சித்தேரியிலிருந்து புளி ஏற்றிவந்து விற்றோம். புளிச் சிப்பங்களுக்கு மேல் நாங்கள் தூங்கியும் இருக்கிறோம். சட்டையெல்லாம் ஒட்டும், கனவில் எறும்பு வரும். வேனுக்குப் புதிதாக நீலம் அடித்து, நெற்றியில் இருவருடைய அம்மா பெயரையும் பிளாஸ்டிக் எழுத்தில் ஒட்டினோம். மாதம்மாள், ஜமீலா. யார் பெயர் முதலில் என்று கேட்டபோது சலீம் சொன்னான்: "உங்கம்மாவே முன்னாடி போவட்டும்டா. எங்கம்மாவுக்கு வழி தெரியாது."

இரண்டு மூன்று கோடை போனது. என் தங்கைக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர எங்கள் வேன்தான் போவதாக ஏற்பாடு. முதல் நாள் மதியம் பெரியப்பா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அந்தப் பேரு எதுக்குப்பா, சம்பந்தி வூட்டு முன்னாடி? ஒரு நாளைக்கு எடுத்து வெய்யி. சலீமு நம்ம பையன், ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான்."

நான் மறுத்திருக்கலாம். சலீம் அப்போது எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வரும் சமையல்காரர்களை அழைத்துவரப் பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். சேதமில்லாமல் எடுத்து, கல்யாணம் முடிந்ததும் சேதமில்லாமல் ஒட்டிவிட்டால் எதுவுமே நடக்காத மாதிரிதான் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்கு விளக்கத்துக்குக் குறைவிருக்காது.

வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றடம்போல எழுத்தின் மேல் வைத்தேன். பசை இளகியதும் நைலான் நூலை உள்ளே விட்டு, ரம்பம் ஓட்டுவதுபோல இப்படியும் அப்படியும் இழுத்தேன். நூல் தகரத்தை ஒட்டியே போக வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்தால் எழுத்து முறியும். 'ஜ' வளைவு மிகுந்த எழுத்து, நிறையப் பொறுமை கேட்டது. மிச்சப் பசையைத் தேங்காயெண்ணெய் தொட்டுக் கட்டைவிரலால் உருட்டி எடுத்தேன். ஒரு கீறல் இல்லை. பெருமையாகப் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தேன்.

ஜமீலா என்று முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. வண்டி முழுவதும் வெயிலில் வெளுத்திருந்தது. எழுத்துகள் மூடியிருந்த இடத்தில் மட்டும் அடித்த அன்றைய நீலம் அப்படியே இருந்தது. வெயிலில் நிறம் வெளுக்கும் என்பதையும் எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மாவிலைத் தோரணம் கட்டி மறைத்தேன்.

சாயங்காலம் திரும்பிய சலீம் தோரணத்தை விலக்கிப் பார்த்தான். விரலால் தடவினான்.

"யாருடா எடுத்தது?"

"நான்தான். ஒரு நாளைக்குத்தான்டா. பெரியப்பா சொன்னாரு."

"எழுத்து ஏதும் ஒடையலையே?"

"இல்ல."

"செரி. நாளைக்கு வண்டிய நான்தான ஓட்டணும்?"

"ஆமா."

மறுநாள் மாப்பிள்ளை வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டு உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். வெளியே வந்தால் தோரணத்தை ஆடு தின்றிருந்தது, பெரும்பகுதி. மாப்பிள்ளையின் மாமா வண்டி முன் நின்று எழுத்துக்கூட்டினார்.

"மாதம்மாள்... ஜமீலா. இது ஆருங்க?"

பெரியப்பா தயங்கவில்லை. "முன்னாடி வண்டிய வெச்சிருந்தவங்கங்க. வித்துட்டுப் போயிட்டாங்க."

மாமா என்னைப் பார்த்தார். "அப்படிங்களா?"

சலீம் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். நான், "ஆமாங்க" என்றேன்.

அவன் எல்லாரையும் ஏற்றினான். வயதானவர்களுக்குக் கை கொடுத்தான். பள்ளம் பார்த்து, யார் தலையும் இடிக்காமல் ஓட்டிவந்தான்.

கல்யாணத்துக்கு மறுநாளே எழுத்துகளை நீலத்தின் மேல் அச்சுப் பிசகாமல் ஒட்டினேன். எடுத்த சுவடே தெரியவில்லை. அதற்குப் பிறகும் நெடுங்காலம் நாங்கள் சேர்ந்தே வியாபாரம் செய்தோம். சண்டையே வரவில்லை. சண்டை வந்திருக்கலாம்.

அந்தக் கல்யாணம் வரைக்கும் சலீம் எங்கள் வீட்டுக்குப் புழக்கடை வழியாகத்தான் வருவான். நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பான். "இதையா சோத்துல ஊத்தித் திங்கறீங்க?" என்று என் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஊற்றித் தின்பான். அதன் பிறகு வாசலில் நின்று, "உள்ள வரலாங்களா?" என்று கேட்டு, நாற்காலி போட்டால் உட்கார்ந்து, கொடுத்ததைக் குடித்துவிட்டுப் போனான். அவன் ஏன் மாறினான் என்று தெரியாமலே அம்மா இறந்தாள். சலீமும் போய்விட்டான். இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் காலிங் பெல் அடித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். எங்கள் அடுப்படிக்குள் கேட்காமல் நுழைகிறவர் யாருமில்லை.