சேடிலை எவ்வளவு இறக்கலாம்?

ஒரு சனிக்கிழமை காலை, ராயப்பேட்டையில் இருக்கும் என் கிட்டார் ரிப்பேர் கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மெல்லிசைக் குழு நடத்தும் பாபு. இன்னொருவன் அந்தக் குழுவில் பாஸ் கிட்டார் வாசிக்கும் சேகர். பேசியதெல்லாம் பாபுதான்.

"இவன் வாசிச்சா நோட்டே வர்ல சார், கடகடன்னு சத்தம்தான் வருது. நாளைக்கு மயிலாப்பூர்ல ரிசப்ஷன். இன்னிக்கு சரியாவலன்னா வேற ஆளப் போட்டுக்கினு போய்டுவேன்."

சேகர் கிட்டாரை உறையிலிருந்து எடுத்து நீட்டினான்.

கிட்டாரை வாங்கிப் பார்த்தேன். தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சேடில் உண்டு. தந்தி அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். நான்கையும் சேகர் அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தான். அப்படி இறக்கினால் விரல் பட்டாலே தந்தி பேசும். ஓங்கி அடித்தாலோ கழுத்துப் பலகையில் பதித்த ஃப்ரெட் கம்பிகளில் மோதி, நோட்டு பாதியில் செத்துவிடும். மேடையில் சேகர் ஓங்கித்தான் அடிப்பானாம்.

சேடில்களை உயர்த்தினேன். கடகடப்பு நின்றது, சத்தம் கெட்டியாக வந்தது. பாபுவுக்குத் திருப்தி. சேகர் முகம் மட்டும் தொங்கிப்போனது. ஏன் அவ்வளவு இறக்கினாய் என்று கேட்டேன்.

"வூட்ல ஒரே ரூமு சார். தூளில பாப்பா தூங்கிக்கினு கீது. ஆம்ப் போட முடியாது. மெதுவா தொட்டு வாசிச்சே பழகிட்டேன்."

எனக்கு அந்த வாசிப்பைக் கேட்க ஆசை வந்துவிட்டது. சேடில்களைப் பழையபடி இறக்கி, தந்தி மோதாத அளவுக்கு அரைத் திருகு மட்டும் ஏற்றினேன். கடையில் இருந்த ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை நன்றாகக் கூட்டினேன். பாப்பா தூங்குவதாக நினைத்து வாசி என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டான். ஒவ்வொரு நோட்டும் உருண்டையாக வந்து, தூளி ஒரு பக்கம் போய்த் திரும்பும் நேரம் வரை நின்றது. தெருவில் அடித்த பஸ் ஹாரன் வேறு ஏதோ ஊரில் அடிப்பதுபோல் இருந்தது. கையில் சேடில் திருகும் ஆலன் கீயோடு நானும் கொஞ்ச நேரம் கடையில் இல்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

பாபு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சேகர் வாசித்து முடித்ததும் கேட்டார்.

"மேடைல ஏன்டா ஒரு நாளும் இப்டி வாசிக்கல?"

"நீதாண்ணே இன்னும் சத்தமா, இன்னும் சத்தமான்னு சொல்லிக்கினே இருந்த."

பாபு எழுந்து கிட்டாரைத் தானே உறையில் போட்டார். "நாளைக்கு சீக்கிரம் வந்துடு. ஆம்ப் சவுண்ட நான் ஏத்திக்கிறேன்."

இப்போதெல்லாம் யார் கிட்டார் கொண்டுவந்தாலும், வீட்டில் வாசிப்பதுபோல் ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். ஸ்க்ரூவைத் தொடுவது அதற்கப்புறம்தான்.