உச்சி வெயில் நடவு

ஆபரேட்டருக்கு விவசாயம் தெரியும் என்று முதலில் சொன்னவர் ஆபரேட்டர்தான். முப்பது வருஷம் தியேட்டரில் புரொஜக்டர் ஓட்டியவர். செடிக்கு எந்தப் பக்கம் வேர் என்று கேட்டால்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். ஆனால் வேலையிழந்தவர்கள் தரிசு நிலத்தில் ஒன்றுகூடி, கூட்டாகப் பயிர் செய்து பிழைக்கிற பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை நூறு தடவைக்கு மேல் ஓட்டியிருக்கிறார். அவர் படித்த விவசாயக் கல்லூரி அதுதான்.

மில்லை மூடி ஊரே வேலையில்லாமல் கிடந்த வருஷம், தியேட்டரையும் மூடினார்கள். ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு தரிசைக் குத்தகைக்கு எடுத்தன. யார் தலைவர் என்ற பேச்சு வந்ததும், ஆபரேட்டர் எழுந்து அந்தப் படத்தின் கதையை இடைவேளை வரைக்கும் சொன்னார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறுபேச்சில்லாமல் அவரையே தலைவராக்கிவிட்டார்கள், புத்திசாலிகள்!

அவர் மனைவிக்கு அழுகை வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போன கதை அது. அவள் பாட்டுக்குத் தக்காளி விதையைப் பாத்தியில் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளித்து, நாற்று வளர்த்தாள். கையில் இருந்த விதை அவ்வளவுதான். அது பிடித்தால் ஆறு வீட்டிலும் அடுப்பு எரியும். இல்லையென்றால் ஆளுக்கொரு திசையில் பிழைக்கப் போக வேண்டியதுதான்.

நடவு நாளன்று வெயில் தாழட்டும் என்று அவள் காத்திருந்தாள். ஆபரேட்டரோ பன்னிரண்டு மணிக்கே எல்லாரையும் வரிசையில் நிறுத்திவிட்டார்.

"இந்த வெயில்ல நட்டா நாத்து சுருண்டுடுங்க. சாயங்காலம் நடலாம்" என்றாள்.

"படத்துல உச்சி வெயில்லதான் நட்டாங்க. அவங்கவங்க நிழல் அவங்கவங்க காலடியிலயே கிடந்துச்சு. நீ என்னத்தைக் கண்ட?"

"கேமராவுக்கு வெளிச்சம் வேணும்னு அப்படி எடுத்திருப்பாங்க. நாத்துக்கு எதுக்குங்க வெளிச்சம் இப்போ?"

மில்லில் ஃபிட்டராக இருந்தவர் சமாதானத்துக்கு வந்தார். "தலைவர் சொல்றாரில்ல, விடும்மா. நூறு தடவை பாத்தவரு."

நட்டார்கள். தோளோடு தோள் உரச, ஒரே நேரத்தில் குனிந்து, ஒரே நேரத்தில் நிமிர்ந்து. ஆபரேட்டர் வரப்பில் நின்றுகொண்டு, இரண்டு கை விரல்களையும் சேர்த்துச் சட்டம்போலப் பிடித்து அதன் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல்தான் அதிகம் வந்தது. பிடுங்கிய நாற்றை ஈரச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு, தரமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு கட்டுக் கட்டாக எடுத்துக் கொடுத்துத் தொலைத்தாளே!

சாயங்காலமே நாற்றெல்லாம் தலை சாய்ந்துவிட்டது. இரண்டு நாள் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியும் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஃபிட்டர் குடும்பம் மூட்டை முடிச்சோடு சொல்லிக்கொண்டு போக வந்தது. மற்றவர்களும் வரப்பில் வந்து கூடினார்கள்.

ஆபரேட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானும் யோசிச்சுப் பாத்தேன். படத்துல எல்லாரும் சிரிச்சுக்கிட்டே நட்டாங்க. நீங்க ஒருத்தராவது சிரிச்சீங்களா? அங்கதான் தப்பாயிடுச்சு."

அவர் மனைவிதான் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள்.

"இதோ, சிரிச்சுட்டேங்க" என்றாள். "நாத்து நிமிருதான்னு பாருங்க."