இத்தாலிக்காரரின் பாத்தி

நோபல் பார்க்கில் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு பொதுத் தோட்டம் இருக்கிறது. ஆளுக்கொரு பாத்தி தருவார்கள். பாத்தி என்றாலும் சின்னது இல்லை, ஒரு அறை அளவு நிலம். மகளின் வீட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் சீமெந்து போட்டுவிட்டார்கள். ஒரு கீரைக்கன்று வைக்கவும் மண் இல்லை. எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு வீட்டில் பிரிட்ஜின் சத்தம் மட்டும்தான் இருக்கும். அதனால் மகளைக் கொண்டு அந்தத் தோட்டத்தில் என் பெயரையும் பதியச் செய்தேன். இடம் வரும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். நான் வேலிக்கு வெளியே போய் நின்று காத்திருந்தேன்.

வேலியோரப் பாத்தி ஒரு வயதான இத்தாலிக்காரருடையது. நான் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நிற்பேன், அவர் அந்தப் பக்கம் குனிந்து வேலை செய்வார். அவருக்கும் இங்கிலீஷ் குறைவு, எனக்கும் குறைவு. "குட்" என்பார், நானும் "குட்" என்பேன். அதோடு அன்றைய கதை முடிந்துவிடும். எனக்கு அது வசதியாக இருந்தது. பொதுவாக ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சில நாள் வேலிக்கு மேலால் ஒரு கை புரோட் பீன்ஸ், தடித்த அவரைக்காய் மாதிரி, நீட்டுவார். பத்து மணி போல பிளாஸ்கிலிருந்து சின்னக் கோப்பையில் கறுப்புக் கோப்பி ஊற்றிக் குடிப்பார். சட்டைப் பையில் இருந்து ஒலிவ் காய் எடுத்துத் தின்று, கொட்டைகளை வேலிக் கட்டையின் தலையில் சின்னக் குவியலாக வைப்பார். பிறகு தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளித்து நின்று ஒரு சிகரெட் பத்துவார். இப்படி இரண்டு வசந்தம் அவரைப் பார்த்தேன்.

அதற்கடுத்த குளிர்காலத்தில் அவர் செத்துப்போனார். எனக்குப் பாத்தி கிடைத்திருக்கிறது என்று மகள் வந்து சொன்னாள். போய்ப் பார்த்தால் அது அவருடைய பாத்தி.

செப்டம்பர் மாதம், இங்கே அதுதான் வசந்தம். வாட்டில் மரமெல்லாம் மஞ்சளாகப் பூத்திருந்தது. நான் ஒரு விதையும் போடவில்லை. ஆனால் பாத்தி நிறையப் பச்சை. செத்தவர் குளிருக்கு முன் ஊன்றிவிட்டுப் போனதெல்லாம் எழும்பி நின்றது. உள்ளிப்பூண்டு முழங்கால் அளவு. புரோட் பீன்ஸ் இடுப்பளவு. அந்தப் பூவை நீங்கள் கிட்ட வைத்துப் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. வெள்ளை இதழின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு, சரியாக ஒரு கண்மணி மாதிரி. கொப்புக்குக் கொப்பு, அடுக்கடுக்காக. காற்று அடித்தால் எல்லாக் கண்ணும் ஒரு பக்கம் திரும்பும், காற்று நின்றால் எல்லாம் என் பக்கம் திரும்பும்.

மக்பை என்று கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை. வசந்தத்தில் கூடு கட்டினால் ஆட்களின் தலையைக் கொத்த வரும். அங்கே வேலை செய்கிறவர்கள் தொப்பிக்கு மேல் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு திரிந்தார்கள். என்னைக் கொத்தவில்லை. அவருடைய பாத்தியில் நட்டிருந்த தடியில் குந்தி, வாசல் படலையைப் பார்த்தபடி இருக்கும். நான் உள்ளே வந்ததும் ஒரு தரம் தலையைச் சரித்து என்னைப் பார்க்கும். பிறகும் படலையைத்தான் பார்க்கும். அதற்குத் தெரிந்த ஆள் இன்னும் வரவில்லை.

பாத்திக்கு மேலால் சரிந்த யூக்கலிப்டஸ் மரத்தில் முறிந்த கொப்பு ஒன்று நிமிர்ந்து நின்றது. இரண்டு மூன்று நாள் அதைக் கொப்பு என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் அது மெதுவாக ஒரு கண்ணைத் திறந்து, மஞ்சளாகப் பார்த்து, மூடியது. எங்கள் ஆட்கள் சாக்குருவி என்று பயப்படுகிற ஆந்தையின் சாயல். ஆனால் சத்தமில்லை, அசைவும் இல்லை. மகள் போனில் தேடிப் பார்த்து, இது நல்ல பறவை, பூச்சி பிடிக்கும் என்றாள். இருக்கலாம். அதற்குக் கீழே குனிந்து புல் பிடுங்கிப் பார்த்தால் தெரியும்.

இவ்வளவும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பயமும் விருப்பமும் கலந்து வருகிற மாதிரி ஒரு பிடிப்பு. வீட்டில் இருந்தபோது எனக்குப் பயப்படவும் ஒன்றும் இருக்கவில்லை.

மழை பெய்த ஒரு கிழமை, கோடைக்குப் பயிர் வைக்கலாம் என்று பாத்தியின் வெறும் மூலையில் மண்வெட்டியைப் போட்டேன். மண்ணுக்குள் இருந்து "டொக்" என்று ஒரு சத்தம்.

கல்லில் பட்ட சத்தம் இல்லை. மூடின அலுமாரிக்குள் இருந்து ஒருத்தர் விரலை மடக்கித் தட்டுவது போல. நான் நின்றேன். சத்தமும் நின்றது. மண்வெட்டியை மெல்ல ஊன்றினேன். "டொக்." இரண்டு அடி தள்ளிப் போய் ஊன்றினேன். பழைய இடத்தில் இருந்தே "டொக்." மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்குப் பிறகு நான் மண்ணைத் தொடவில்லை. அவர் நட்டதற்குத் தண்ணீர் விட்டேன். ஆனால் அதில் ஒரு காயும் ஆயவில்லை. அவருடைய சாமான்களை அவர் அங்கே நிற்கும்போது எப்படி எடுப்பது?

தோட்டத்துக்குப் பொறுப்பாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருக்கிறார். அன்பானவர், ஆனால் சட்டம் சட்டம்தான். பாத்தியைக் கொத்தி வேலை செய்யாவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள், வெளியில் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். அதை அவர் மகளுக்கு எழுதியும் அனுப்பினார், எனக்குக் கையால் காட்டியும் சொன்னார். வருகிற சனிக்கிழமை காலை வந்து பார்ப்பாராம். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். மண்ணுக்குள் ஒருத்தர் தட்டுகிறார் என்று எந்தப் பாஷையில் சொல்வது?

மகளிடம் நாரி நோகுது, குனிய ஏலாது என்று சொன்னேன். அவள் உடனே, "அப்ப விடுங்கோ அம்மா. குடுத்துப் போட்டு வீட்டிலை நிம்மதியா இருங்கோ. டிவி இருக்குதுதானே," என்றாள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். எனக்கு அந்த பிரிட்ஜின் சத்தம்தான் காதில் கேட்டது. இந்தப் பாத்தி போனால் எனக்கு இன்னொன்று கிடைக்கப் போவதில்லை. வேலிக்கு வெளியே நின்று காத்திருக்க இனிக் காலும் கேளாது.

அப்போதுதான் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் எட்டாம் நாள் எட்டுச் செலவு செய்வோம். உயிரோடு இருந்தபோது அவர் விரும்பினதெல்லாம், மீனோ இறைச்சியோ சாராயமோ, சமைத்துப் படைத்து, பொழுது படுகிற நேரம் கொண்டுபோய் ஒழுங்கை முடக்கில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவோம். ஆசை தீர்ந்தால் அவர் போய்விடுவார். இத்தாலிக்காரருக்கு ஆர் இதைச் செய்திருப்பார்கள்? எட்டு நாள் எப்போதோ கடந்துவிட்டது. ஆனாலும் ஒன்றும் செய்யாமல் விடுவதை விட இது மேல்.

பக்கத்து ஊர் ஸ்பிரிங்வேலுக்குப் போய் ஒலிவ் காயும், பேக்கரியில் பாணும் வாங்கினேன். சிகரெட்டுக்கு எங்கே போவது? அங்கே எங்கள் ஆள் ஒருவரின் கடை இருக்கிறது. ஆட்கள் போகும் வரை பருப்புப் பக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் மெதுவாகக் கேட்டதும் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அன்ரி, எப்பேலையிருந்து தொடங்கினனீங்கள்?"

"எனக்கில்லைத் தம்பி. மோசம் போன ஒராளுக்கு."

சிரிப்பு நின்றது. "எட்டோ?" என்று கேட்டார்.

"ஓம்."

வேறு ஒன்றும் கேட்காமல் பெட்டியைப் பாணுக்குக் கீழே மறைத்து வைத்துத் தந்தார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம் போனேன். தோட்டத்தில் ஒருவரும் இல்லை. சில்வர்பீட் கீரை இலை ஒன்றை விரித்துப் பாணையும் ஒலிவ் காயையும் வைத்தேன். வீட்டில் போட்டுப் பிளாஸ்கில் கொண்டுவந்த கறுப்புக் கோப்பியைச் சின்னக் கோப்பையில் ஊற்றினேன். ஒரு சிகரெட்டை எடுத்து நெருப்புப் பெட்டியோடு பக்கத்தில் வைத்தேன். தட்டுகிற அந்த மூலையிலேயே வைத்தேன். மேலே முறிந்த கொப்பு இரண்டு கண்ணையும் திறந்திருந்தது. மக்பை தடியில் இருந்து தொண்டைக்குள்ளேயே பாடியது, தண்ணீர் போத்தலைக் கவிழ்த்தது போல ஒரு பாட்டு.

கும்பிட்டேன். அவருடைய சாமியைத் தெரியாது, அதனால் பொதுவாகக் கும்பிட்டேன். எழும்பித் திரும்பும்போது வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது:

"போட்டு வாறன்."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. செத்த வீட்டில் போய் வருகிறேன் என்ற அந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டோம். சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போகவேண்டும். திரும்பி வருவேன் என்று செத்தவருக்கு வாக்குக் கொடுத்தால் அவர் காத்திருப்பார். வாழ்நாள் முழுக்க எந்த வீட்டில் இருந்து வெளிக்கிட்டாலும் சொன்ன சொல், அன்றைக்கு மட்டும் அடங்குமா?

திரும்பிப் பார்க்கக் கூடாது. படலை வரைக்கும் நடந்தேன். பின்னால் கோப்பை மண்ணில் இருந்து தூக்கி வைக்கப்பட்டது போல ஒரு சின்னச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. படலைச் சங்கிலியைக் கொளுவவும் நிற்காமல் வந்தேன்.

அடுத்த நாள் பெண்மணி வருகிற நாள். போகாமல் விட்டால் பாத்தி போய்விடும். அதைவிட, நான் வருகிறேன் என்று சொல்லியும் இருக்கிறேன். விடிய எழும்பிப் போனேன். பனிப்புகார் முட்டி வேலியும் தெரியவில்லை. புரோட் பீன்ஸ் பூக்களின் கறுப்பு மட்டும் வெள்ளைக்குள் தெரிந்தது.

பாண் இல்லை. கோப்பையில் மண்டி மட்டும். ஒலிவ் காய் முழுவதும் முடிந்து, கொட்டைகள் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தன. இரவில் மரத்தில் திரிகிற போசம் தின்றிருக்கும், எலி தின்றிருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் சிகரெட்டும் பத்தி முடிந்திருந்தது. கடைசி வரை பத்தி, தலையை மண்ணில் ஊன்றி அணைத்திருந்தது. பக்கத்தில் எரிந்த நெருப்புக் குச்சி ஒன்று.

கால் திரும்பப் பார்த்தது. நான் விடவில்லை. எங்கே திரும்புவது, அந்த பிரிட்ஜிடமா? வாய் விட்டே சொன்னேன்.

"வாறன் எண்டு சொன்னனான். வந்திட்டன். நீங்கள் தள்ளி இருங்கோ ஐயா, நான் கொத்தப் போறன்."

மண்வெட்டியை ஓங்கிப் போட்டேன். "டொக்." இன்னும் போட்டேன். அழுகை வந்தது, கொத்துவதை நிறுத்தவில்லை. பின்னால் காலடி கேட்டபோதும் நிறுத்தவில்லை. மண் கட்டி ஒன்று தானாகப் பிளந்தது. உள்ளே இருந்து சேறு பூசின ஒரு முகம், பொன் நிறக் கண்ணோடு, என்னைப் பார்த்தது.

மண்வெட்டியோடு ஓரடி பின்னால் போனேன். காலடி அந்தப் பெண்மணியினுடையது. அவர் முழங்காலிட்டு, என்ன அழகு என்று இரண்டு கையாலும் அள்ளினார். தவளை. உள்ளங்கை நிறைந்த ஒரு தவளை. குளிர் முழுக்க மண்ணுக்குள் படுத்திருந்து வசந்த மழைக்கு மேலே வருமாம். கீழே இருந்தபடியே கூப்பிடுமாம். அவர் நாக்கை அண்ணத்தில் தட்டி அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினார். நான் தலையாட்டினேன். தாங்கியடிக் குட்டைக்கு அதைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, கொத்தின மண்ணைப் பார்த்தார். நல்லது, பாத்தி உங்களுடையதுதான், என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். "பீன்ஸ்," என்றேன். பயித்தங்காய்க்கு எனக்கு இங்கிலீஷ் தெரியாது.

அப்போது அவருடைய கண் சிகரெட் கட்டையில் விழுந்தது. முகம் மாறியது. தோட்டத்துக்குள் புகைக்கக் கூடாது, அது சட்டம். அவர் கட்டையைப் பார்த்தார், என் சீலையைப் பார்த்தார், திரும்பவும் கட்டையைப் பார்த்தார்.

"யூ?" என்றார்.

ஒருவரும் இல்லாத தோட்டத்தில், நெருப்புக் குச்சி தட்டத் தெரிந்த ஒருவர் இதைப் பத்தினார் என்று நான் எப்படிச் சொல்ல? சங்கிலி கொளுவாத படலையால் ஆரும் வந்திருக்கலாம். அப்படித்தான் பகலில் நினைத்துக்கொள்கிறேன்.

"யெஸ்," என்றேன். "சொறி."

அவர் சிரிக்கவும் முடியாமல் ஏசவும் முடியாமல் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தோட்டத்தில் எல்லாரும் என்னைக் களவாகச் சிகரெட் பத்துகிற கிழவி என்றுதான் நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

அவர் போன பிறகு பயித்தை விதையை எடுத்தேன். புகார் கலையவில்லை. வேறெங்கும் மண் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. தவளை கிடந்த குழிக்குள் கையை விட்டேன். உள்ளே சூடாக இருந்தது, ஆரோ இப்போதுதான் எழும்பிப் போன கதிரை மாதிரி. தவளைக்கு உடம்பில் சூடு இல்லை என்று பேரப்பிள்ளை பிறகு சொன்னான்.

கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தேன். பிறகு விதையைப் போட்டு மூடினேன்.