கண்ணைப் பார்த்தவர் மாட்டைப் பற்றிக் கேட்டார்

நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் கறவை மாடு வைத்திருக்கிறோம். போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்குக் கடும் காய்ச்சல் வந்து, ஊசி போட்டதும் நின்றது. தை பிறந்த பிறகு அவருக்கு வலது கண் சிவந்தது. ஊரில் எல்லாருக்கும் வருகிற கண்வலிதானே என்று, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரியிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டேன். கண் தெளியவில்லை. உன் முகமே புகையாகத் தெரிகிறது என்று அவர் சொன்னதும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

தருமபுரியில் கண் டாக்டரம்மா கருவியில் பார்த்துக்கொண்டே, "மாடு கன்னு இருக்குதுங்களா? மழையில காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டார்.

"கண்ணக் காட்ட வந்தா மாட்டக் கேக்கறீங்க. பால் ஏதும் வேணுங்களா?" என்றார் இவர்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "மாட்டுக் கொட்டாயில எலி மூத்திரம் கலந்த சேத்துல ஒரு கிருமி இருக்குங்க. கால் வெடிப்புல பூந்து, ரத்தத்தோட ஓடிக் காய்ச்சலாகும். காய்ச்சல் வுட்டு மாசக்கணக்கு ஆனப்புறம்கூட கண்ணத் தாக்கும்."

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. வெறுங்காலில் கொட்டகைச் சேறு அள்ளியவருக்குக் குதிகாலில் நுழைந்தது கண்மணி வரை போயிருக்கிறது. உடம்புக்குள் இப்படியும் வழி இருக்கிறதா என்று இன்றும் மலைத்துப் போகிறேன்.

சொட்டு மருந்தில் மெல்லத் தெளிந்து, ஒரு நாள் காலை, "ஏம்மே, மூக்குத்தில ஒரு கல்லக் காணோமே?" என்றார். கல் போனதற்கு அழாமல், அவர் அதைப் பார்த்ததற்கு அழுதேன்.

இப்போது பூட்ஸ் போடாமல் அவரைக் கொட்டகைக்குள் விடுவதில்லை. கண் சிவந்தால் நேராக டாக்டரிடம் போய், எப்போதோ வந்த காய்ச்சலையும் மறக்காமல் சொல்கிறோம்.