சின்னிகன் என்ற ஊர்

சேரன்மகாதேவி கிருபைராஜ், சுமத்ராவில் டச்சுக்காரர் புகையிலைத் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். தம்பி தானியேலும் கூடப் போனவன். அங்கே ஒரு மழைக்காலத்தில் தானியேலுக்குப் புத்தி பேதலித்தது. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஊருக்குப் போவோம் என்று அழுவான். ஒருநாள் கிருபைராஜ் பாரம் இறக்கிவிட்டுத் திரும்பினால் தம்பியைக் காணோம். சர்க்கார் ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

எங்கே என்று துரையைக் கேட்டார். துரை ஒரே மூச்சில் நீளமாக ஒரு சொல்லைச் சொன்னான். நடுவில் ‘சின்’ என்று ஓர் அழுத்தம். முன்னும் பின்னும் வாய்க்குள்ளேயே போய்விட்டது. நம் பேச்சு ஒரே மட்டமாகப் போவது. ஒன்றை மட்டும் ஓங்கிச் சொன்னால் அதுதான் விஷயம் என்று எவனும் நினைப்பான். கிருபைராஜும் அங்கேயே வெட்டி எடுத்தார். சின்னிகன். ஊர்ப்பெயர் என்று நம்பினார். ஒப்பந்தம் முடிந்ததும் அவரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

தம்பி பெண்டாட்டி சாலோமியிடம், “சின்னிகன்ல இருக்கான். வழி தெரிஞ்சதும் போயிக் கூட்டியாந்துருவேன்” என்றார்.

அக்கரையிலிருந்து வந்த ஒருவனையும் விடாமல் விசாரித்தார். பினாங்குக்காரனுக்குத் தெரியவில்லை, ரங்கூன்காரனுக்கும் தெரியவில்லை. சந்தையில் ஐயம்பெருமாள் வம்புக்கு இழுப்பான்.

“என்ன அண்ணாச்சி, சின்னிகனுக்கு ரயிலு விட்டாச்சா?”

“விட்டா மொதல்ல ஒன்னயத்தாம்லே ஏத்துவேன். ஊரு சுத்தமாகும்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் தூத்துக்குடியில் ஒரு பறங்கிக் கிழவர் இருந்தார். கொழும்பிலிருந்து வந்தவர், தகப்பனிடம் டச்சு படித்தவர். கிருபைராஜ் அவரிடம் போனார்.

“நீரு சொல்லுதது துண்டு. முழுசாச் சொல்லும்வே.”

கிருபைராஜ் காதில் மிச்சமிருந்ததையெல்லாம் ஒட்டவைத்து முனகினார். கிழவர் பலகையில் விரலால் தட்டித் தட்டிப் பிரித்தார்.

“கிராங்க். சின். னி. கென். கெ. ஸ்திக்த். மூணு நாலு வார்த்தையா நாம சொல்லுதத அவன் ஒண்ணாக் கோத்துருவான். அழுத்தம் சின்ல விழும். ஆனா வெட்டுத இடம் அது இல்ல. கிராங்க்சின்னிக்னா பைத்தியம். கெஸ்திக்த்னா அவங்கள அடைச்சு வைக்கிற வீடு.”

“சரி. எந்த ஊரு?”

“ஊரு இதுல இல்லவே. அப்படி வீடு அங்கன எத்தனையோ.”

ஊருக்குத் திரும்பி சாலோமியிடம் உள்ளதைச் சொன்னார். அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை.

“ஊரே இல்லன்னா, அவுக எங்கன இருக்காக அத்தான்?”

பதின்மூன்றில் காலராவில் போய்ச் சேரும்வரை கிருபைராஜ் அக்கரைக்காரர் எவரிடமும் சின்னிகனை விசாரிக்கவில்லை. அவளும் பிறகு கேட்கவில்லை.