பால்பல்லுக்கு அடியில் தூங்கிய பல்

அன்னாசிச் சாறு பட்டதும் கடைவாயில் சுரீரென்று கிளம்பும் வலி, கன்னம் வழியாக ஏறிக் கண்ணில் நீராய் நிற்கும். எனக்கு அப்போது ஏழு வயது. கொல்லிமலையில் பழங்கள் பழுத்துக் கிடந்த அந்தக் கோடையில், வீட்டில் எல்லோரும் தின்ன, நான் மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பால்பல்லுதான கண்ணு, தானா உளுந்துரும்" என்று சொல்லியபடி அம்மா கிராம்பை நசுக்கி வைப்பாள். சோறு மெல்ல முடியாமல் நான் மெலியத் தொடங்கியதும், பிடுங்கிவிடுவது என்று முடிவுசெய்து அப்பா என்னை நாமக்கல்லுக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். தனக்கு வலித்த பல்லையெல்லாம் பிடுங்கியே பழகியவர் அவர். மிளகு பறிக்க மரமேறி உரமேறிய உடம்பு, ஆனால் கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல் ஒன்றுகூட இல்லை.

பல் டாக்டரம்மா என் தாடையைப் படமெடுத்துத் திரையில் காட்டினார். சொத்தைப்பல்லின் இரண்டு வேர்களுக்கு நடுவே, எலும்புக்குள், மொட்டுப்போல் இன்னொரு பல் இருந்தது.

"ஏனுங்க, பல்லுக்கடியில பல்லுங்களா?" என்றார் அப்பா.

"ஆமாங்க, பின்னால வரப்போற பல்லு. இப்பவே மேல இருக்கறதப் புடுங்குனா பக்கத்துப் பல்லு சாஞ்சு எடத்தை அடைச்சுக்கும், இது கோணலா வரும். பல்லுக்குள்ள மேலாப்புல இருக்கற சதைதான் கெட்டிருக்குது, வேருக்குள்ள உசுரு இருக்குதுங்க. கெட்டத மட்டும் எடுத்துட்டு, மருந்து வெச்சு மூடிரலாம்."

என் உடம்புக்குள் எனக்கே தெரியாமல் ஒன்று எனக்காக வளர்ந்துகொண்டிருந்ததை நினைத்து, ஊசிக்குப் பயப்படக்கூட மறந்து திரையையே பார்த்தேன். பிறகு மெஷின் இரைந்தபோது காலை உதறினேன். அப்பா என் கால்களைப் பிடித்துக்கொண்டு, "அசையாத சாமி, உள்ளாற ஒண்ணு தூங்குது, எழுப்பிராத" என்றார். டாக்டரம்மா கெட்ட சதையைச் சுரண்டி எடுத்து, பஞ்சை அழுத்தி ரத்தம் நின்றபின் மருந்து வைத்து, வெள்ளிபோல் மின்னும் ஸ்டீல் மூடியை மாட்டி, "நல்லாக் கடி கண்ணு" என்றார். கடித்தேன். வலிக்கவில்லை.

கிளம்பும்போது அப்பா தயங்கி நின்றார். "எம்பல்லையும் அப்ப காப்பாத்தியிருக்கலாமுங்களா?"

டாக்டரம்மா அவர் வாயைப் பார்த்தார். "கொஞ்சத்தையாச்சும் காப்பாத்தியிருக்கலாமுங்க. உங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்ல."

அப்பா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தார். பஸ் மலையேறும்போது என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

நான்கைந்து வருடம் கழித்து மூடியோடு அந்தப் பல் ஆடி விழுந்தது. அப்பா டார்ச் அடித்து என் வாய்க்குள் குனிந்து பார்த்து, "வந்திருச்சு! நேரா வந்திருச்சு!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார்.

பல்லோடு கூரைமேல் எறிந்த அந்த மூடி, ஓடு மாற்றியபோது தேடியும் கிடைக்கவில்லை. இப்போது அப்பாவும் இல்லை. காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் வாயைத் திறந்து அந்த இடத்தைப் பார்க்கிறேன். முளைக்கும் முன்பே நாங்கள் இருவரும் பார்த்துவிட்ட பல், துளியும் கோணாமல் நிற்கிறது.